நான்காம் கட்டத்து ஊற்று

பாண்டுங்,
27 பிப்ரவரி 2023

அன்புள்ள இமாஸ் தேத்தே,

காகிதத்தில் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகத் தெரிகிறது. நீங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்து இன்றோடு எட்டு நாள். முதல் இரண்டு நாள் உங்கள் போன்தான் பழுது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டேன். "உன் தேத்தேகிட்டயே கேளு, என்னை நடுவுல இழுக்காதே," என்றார். பின்னால் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. கோபமாக இருக்கும்போது நீங்கள் தட்டுகளை எப்படி அடுக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி கேமை நீங்கள் போனிலிருந்து அழித்துவிட்டதாகவும் அம்மா சொன்னார். அப்போதுதான் நான்காம் கட்டம் நினைவுக்கு வந்தது. நீங்கள் அங்கே வந்துவிட்டீர்கள், இல்லையா?

அதை விளக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்தக் கட்டத்தில் நாயகி மலை ஊற்றில் இறங்கி எழுவாள். எழும்போது அவளுக்கு அரச உடை, கொண்டை, புது முகம். ஆட்டக்காரர் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த கண்ணும் மூக்கும் நிறமும் மாறாது. தழும்பு, மச்சம் போன்றவை மட்டும் முகத்தின் மேல் தனி அடுக்காக இருப்பவை. அரச முகத்தில் அந்த அடுக்கு இல்லை. எல்லாவற்றையும் வைத்தால் பழைய போன்கள் தாங்காது என்று ஓவியக் குழு விட்டுவிட்டது. அதனால்தான் தேத்தேயின் கேரக்டரில் இருந்த அது காணாமல் போயிருக்கும். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை.

இங்கிருந்து மஜலாயா ஒரு மணி நேரப் பேருந்துதான். நேரில் வந்திருக்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது. பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ரெஸ்தி


மஜலாயா,
5 மார்ச் 2023

ரெஸ்தி,

"தேத்தேயின் கேரக்டரில் இருந்த அது" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பெயர் உண்டு. மறு. சிவப்பு மறு. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை வரும். முப்பத்தொரு வருடமாக என் முகத்தில் இருக்கிறது, உனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

நடந்ததைக் கேள். மில்லில் பகல் இடைவேளை. தறிகள் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். "என் தங்கச்சி கம்பெனியில செஞ்ச கேம், இதுல ஆளுங்க பேசறதெல்லாம் அவ எழுதினது"ன்னு நான் காட்டாத ஆள் இல்லை. மேஸ்திரியிடம்கூடக் காட்டினேன். என் கேரக்டருக்கு இமாஸ் என்றே பெயர் வைத்தேன். மறு வைக்க இடம் இருந்தது. நிறத்தையும் அளவையும் சரிபார்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது, கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு. என்னை நினைத்துத்தான் நீ அதை வைத்திருக்கிறாய் என்று நம்பினேன்.

கேமுக்குள் இருக்கும் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைச் "செங்கன்னம்" என்று கூப்பிடுவார்கள். "செங்கன்னம் வந்துட்டா, இனி பயமில்லை, ராட்சசனை அடிக்கப் போலாம்." அந்தப் பெயரை அங்கே யாரும் இளப்பமாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு சுமர்னியும் வீவினும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இமாஸ் தண்ணீரில் இறங்கினாள். எழுந்தாள்.

"ஐயய்யோ, உன் ஆளுக்கு முகத்தைக் கழுவி விட்டுட்டாங்கடி!" என்றாள் சுமர்னி.

"அந்தத் தண்ணி எங்க கிடைக்கும்னு தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லு, நானும் ரெண்டு பாட்டில் பிடிச்சுக்கறேன்," என்றாள் வீவின்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதன் பிறகு கேமில் வரும் ஊற்றங்கரைக் கிழவி வாயைத் திறந்தாள். "இப்பதான் மகளே, பார்க்க லட்சணமா இருக்கே." சுமர்னி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் போனை அணைத்தேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு லெபரான் பெருநாளுக்கும் நம் சித்தி பீபி ஓச்சா வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் பார்த்தா லட்சணமாத்தான் இருக்கே" என்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருப்பாய்.

பழைய போன் தாங்காது என்கிறாய். சரி. கிழவியின் பேச்சை எழுதியதும் ஓவியக் குழுதானா?

இமாஸ்


பாண்டுங்,
11 மார்ச் 2023

அன்புள்ள தேத்தே,

இல்லை. கிழவியின் பேச்சை நான் எழுதினேன்.

யோசிக்காமல் எழுதினேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அன்று மாலைக்குள் நாற்பது பேச்சுகள் கொடுக்க வேண்டியிருந்தது. ஊற்றிலிருந்து எழுந்தவளைப் பார்த்து ஒரு கிழவி என்ன சொல்வாள் என்று யோசித்தேன். அந்த வரி தானாக வந்தது. எங்கே கேட்டது என்று நினைத்துப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறு வைக்கும் வசதி என் யோசனை இல்லை. ஓவியக் குழுவில் இருக்கும் பெண் ஒருத்தி சேர்த்தது. நீங்கள் அப்படி நம்பியதைப் படித்தபோது, அது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

நேற்று எங்கள் தலைவர் காங் ஹில்மானிடம் போனேன். கதவருகே நின்று மூன்று முறை திரும்பி வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

"ஊற்றுக் காட்சியைப் பத்தி ஆட்டக்காரங்க புகார் சொல்றாங்க, காங்."

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்... கொஞ்சப் பேர்."

"என்ன புகார்?"

"முகம் மாறிடுதுன்னு."

"மாறணும்னுதானே வச்சோம்?" என்று சிரித்தார். பிறகு, "சரி, அடுத்த அப்டேட்ல ஏதாவது பண்ணலாம், எழுதிக் கொடு," என்றார். அவர் நல்ல மனிதர். என் தேத்தேயின் முகம் என்று நான் சொல்லியிருந்தால் உட்காரச் சொல்லிக் கேட்டிருப்பார். என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கின் நுனி வரை வந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

எப்படியும் சரிசெய்கிறேன். லெபரானுக்கு வரும்போது நேரில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ரெஸ்தி


மஜலாயா,
19 மார்ச் 2023

ரெஸ்தி,

லெபரானில் மன்னிப்பா? வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது அது. தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து, கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரே வரி. பின்னால் இன்னொருவர் நிற்பார், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எதற்கென்று யாரும் சொல்வதில்லை. பீபி ஓச்சாவும் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கிறார், நானும் கொடுக்கிறேன், பத்து நிமிடத்தில் தாடையைப் பிடிக்கிறார்.

அந்த வரிசையில் நின்று நீ இதை முடித்துக்கொள்ளக் கூடாது. சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே எழுது. எழுதாவிட்டால் அன்றைக்கு நான் கை கொடுக்கமாட்டேன். அம்மா அழட்டும், ஊர் பார்க்கட்டும்.

என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும் என நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்.

கேமை அழிப்பதற்கு முன் அந்தப் புது முகத்தை நன்றாகப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா, அம்மா, நடுவில் அங்கியில் நீ, ஓரத்தில் நான். என் கன்னம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வழுவழு. ஸ்டுடியோக்காரன் தானாகச் செய்துவிட்டான் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானே செய்கிறார்கள்.

பொய் சொல்லமாட்டேன், ரெஸ்தி. வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறேன். பல முறை.

உனக்குத் தெரியாத ஒன்று. சிச்சலெங்காவிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்து, அவருக்கு பாத்தாமில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று அம்மா உனக்குச் சொன்னாரே, அது பொய். அந்தப் படத்திலிருந்து என்னை மட்டும் போனில் எடுத்து, எனக்குச் சொல்லாமல் தரகரம்மாவிடம் கொடுத்திருக்கிறார் அம்மா. அவர்கள் ஆறு பேர் வந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து தம்ளரை எடுத்துக்கொண்டு என்னிடமே கேட்டார்: "பொண்ணு இன்னும் ரெடியாகலையாம்மா?"

"இவதான்," என்றார் அப்பா.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள், மரியாதையானவர்கள். நான் ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது சொல். ஸ்டுடியோவில் கேட்டது யார்?

இமாஸ்


பாண்டுங்,
28 மார்ச் 2023

தேத்தே,

நான்தான்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக் குளியலறையில் நின்று படித்தேன். பிறகு ஒரு வாரம் எதுவும் எழுத வரவில்லை. "பொண்ணு இன்னும் ரெடியாகலையாம்மா" என்ற கேள்வி நடக்கும்போதெல்லாம் கூடவே வருகிறது. அந்தப் பெண்மணியை அப்படிக் கேட்க வைத்தது நான்.

எதையும் விடாமல் எழுதுகிறேன்.

பட்டமளிப்பு அன்று அதிகாலை மேக்கப் போட வந்தவர், "பவுடர் ரெண்டு பூச்சு பூசினா மறைஞ்சிடும், தேத்தே," என்றார். "வேண்டாம், என் தங்கச்சிக்கு என்னை அடையாளம் தெரியணும்ல," என்று நீங்கள் சிரித்தீர்கள். நீல கெபாயா உடுத்தியிருந்தீர்கள். அப்பா பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த பாத்திக் சட்டை அவருக்குத் தோளில் பெரிதாக இருந்தது. விழா அரங்கில் என் தோழிகளின் குடும்பங்கள் பக்கத்து வரிசையில் இருந்தன. அவர்களுடைய அம்மாக்கள் ஆசிரியைகள், வங்கியில் இருப்பவர்கள். ஒருத்தியின் அண்ணி உங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள், பிறகு மறுபடி பார்த்தாள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது பழகிப்போயிருக்கும். நான் கவனித்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். உங்கள்மேல் வந்தது. பவுடர் பூசியிருக்கலாமே என்று.

ஸ்டுடியோவில் புத்தக அலமாரி வரைந்த திரைக்கு முன்னால் படமெடுத்து முடித்தோம். அம்மாவின் செருப்பு வார் அறுந்திருந்தது. நீங்கள் வெளியே படியில் உட்கார்ந்து ஊக்கு வைத்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். உள்ளே ஸ்டுடியோ மாமா கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "முகமெல்லாம் கொஞ்சம் சுத்தம் பண்ணிடவா, நெங்?" என்று, நீங்கள் என்னைச் செல்லமாகக் கூப்பிடும் அதே சொல்லில் கேட்டார். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் உங்கள் கன்னத்தில் விரலை வைத்தேன். அவர் தலையாட்டினார். அவ்வளவு நேரம்தான் ஆனது. கண்ணாடிக் கதவு வழியாக நீங்கள் பல்லால் ஊக்கைக் கடித்து நிமிர்த்துவது தெரிந்தது.

நீங்கள் பள்ளியை விட்டு மில்லுக்குப் போனதால்தான் நான் அந்த அங்கியைப் போட்டேன். அதை எழுதினால் நன்றி சொல்வதுபோல் ஆகிவிடும். இது நன்றி சொல்லும் கடிதம் இல்லை.

எதற்காக என்று கேட்டீர்களே, இதற்காக. படத்துக்காக. பிறகு கேமில் அந்த வரிக்காக. பீபி ஓச்சா பேசும்போது பலகாரம் தின்றுகொண்டிருந்ததற்காக. காங் ஹில்மானிடம் "கொஞ்சப் பேர்" என்றதற்காக.

கிழவியின் வரியை நீக்கிவிட்டேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி அப்டேட் வரும். இனி ஊற்றில் முகம் கட்டாயமாக மாறாது. முதலில் கேட்கும். நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ரெஸ்தி


மஜலாயா,
9 ஏப்ரல் 2023

ரெஸ்தி,

படித்தேன். விரல் வைத்தாய் என்பதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். எழுதிவிட்டாய், அது போதும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்னொன்று நடந்துவிட்டது.

நோன்பு மாதம், இடைவேளையில் சாப்பிட ஒன்றுமில்லை, எல்லோரும் போனில்தான் இருக்கிறோம். உன் அப்டேட்டைப் பார்க்கலாம் என்று கேமை மறுபடி ஏற்றினேன். என் இமாஸ் அப்படியே இருந்தாள், ஊற்றுக்கு முன்னால் கேம் கடைசியாகச் சேமித்த இடத்தில். இப்போது சுமர்னியும் விளையாடுகிறாள். அவள் கேரக்டர் மாசு மருவில்லாத அழகி, நிஜத்தில் அவள் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றுக்குப் போனோம்.

அவள் இறங்கினாள். எழுந்தாள். உடை மாறியது. போய்க்கொண்டே இருந்தாள்.

நான் இறங்கினேன். எல்லாம் நின்றது. இசைகூட நின்றது. திரை முழுக்கப் பெரிய எழுத்தில்: "உன் முகத்தில் உள்ள குறியை வைத்துக்கொள்ள விரும்புகிறாயா?"

"எனக்கு இது வரவேயில்லையே?" என்றாள் சுமர்னி. பிறகு அவளுக்கே புரிந்தது. "சிக்னல் கோளாறா இருக்கும்," என்றாள், பாவம்.

குறி உள்ளவர்களிடம் மட்டும்தான் உன் தண்ணீர் கேட்கிறது. ஆம் என்று அழுத்தினேன். ஆம் என்று முப்பத்தொரு வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன், நெங். காய்கறிக் கடையில், பேருந்தில், மேக்கப் போடுபவரிடம். வைத்துக்கொள்கிறாயா, வைத்துக்கொள்கிறாயா என்று. கேமிலும் அதே கேள்விதானா?

கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் மறுபடி தட்டு அடுக்கப் போயிருப்பேன்.

இமாஸ்


பாண்டுங்,
16 ஏப்ரல் 2023

அன்புள்ள தேத்தே,

அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான். நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை எல்லோரும் கூடும் கூட்டம் இருந்தது. பதினான்கு பேர். அந்தக் கூட்டத்தில் இரண்டு வருடமாக நான் தானாக வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்வேன், அதையும் காகிதத்தைப் பார்த்து. காங் ஹில்மான் வழக்கம்போல், "வேற எதுவும் உண்டா?" என்று மடிக்கணினியை மூடப் போனார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிப் பிள்ளைபோல. சிலர் சிரித்தார்கள்.

"ஊற்றை மாத்தணும், காங்."

"இப்பதானே மாத்தினோம்? கேக்குதே?"

"அந்தக் கேள்வியையும் எடுத்துடணும். முகம் மாறவே கூடாது."

"அந்தப் புகார் சொன்ன ஆளா மறுபடி? யாருப்பா அது, நமக்கு மேனேஜரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"என் தேத்தே," என்றேன். "என் கூடப் பிறந்தவங்க. மஜலாயாவில தறி மில்லில வேலை. இடது கன்னத்தில பெரிய சிவப்பு மறு, பிறவியிலேயே. அவங்க முகத்தையே கேரக்டரா செஞ்சு விளையாடினாங்க. அதை நாம அழிச்சுட்டோம். கிழவி பேச்சு, இந்தக் கேள்வி, ரெண்டும் நான் எழுதினது."

மறு வைக்கும் வசதியைச் சேர்த்தாளே, தியா, அவள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கழுத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, தேத்தே. எப்போதும் துப்பட்டா போர்த்தியிருப்பாள், அன்று கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டு வருடம் பக்கத்து மேஜை. எல்லாவற்றையும் கவனிப்பவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முகமும் மாறலைன்னா அந்தக் காட்சிக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டார் காங் ஹில்மான். இப்போது கேலி இல்லை.

"தெரியலை, காங். மலை ஏறி வந்திருக்கா. குளிக்கிறா."

அவர் தியா பக்கம் திரும்பினார். "அரச முகத்துக்கும் மறு அடுக்கு வரைய முடியுமா, தியா?" "மூணு நாள் போதும்," என்றாள் தியா. பழைய போன்கள் தாங்கும் என்றும் சொன்னாள். முன்பு யாரும் அவளைக் கேட்கவே இல்லையாம்.

அடுத்த அப்டேட்டில் வரும். ஊற்றில் இறங்கினால் எல்லோரும் நனைவார்கள். அவ்வளவுதான். முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒன்று புரிந்தது. உங்களைப் பற்றி இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்லூரி நாலு வருடம், வேலை இரண்டு வருடம். எனக்கு ஒரு தேத்தே இருப்பதே பலருக்குத் தெரியாது. நீங்கள் கேட்காததையும் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். வர வேண்டாம் என்றால் சொல்லுங்கள், இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ரெஸ்தி


மஜலாயா,
18 ஏப்ரல் 2023

நெங்,

தபால் நேரத்துக்கு வராது என்று, பாண்டுங் போகும் மில் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பிரித்துப் படித்திருந்தால் திட்டாதே, அவருக்கு எல்லார் வீட்டுக் கதையும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பேருந்தில் நெரிசலாக இருக்கும், ஜன்னலோரம் உட்கார், உனக்குக் குமட்டும். அம்மா இப்போதே உன் பாயை வெயிலில் போட்டுவிட்டார்.

பெருநாள் காலை வரிசையில் முதலில் அப்பாவிடம் போ, பிறகு அம்மாவிடம், பிறகு பெரியவர்கள் எல்லோரிடமும். என்னிடம் கடைசியில் வா. உனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

இமாஸ்